வானிலை அலுவலகத்துக்கு ஒரு நல்ல வானம்

“யாரு செத்துப்போனாங்க?” என்று கேட்டார் இயக்குநர்.

டைப்பிங்கம்மா திருதிருவென்று விழித்தாள். “யாரும் சாகலையே சார்.”

“அப்புறம் ஏன் இந்தப் படத்துல வானம் எழவு வீடு மாதிரி இருக்கு?”

மேசைமேல் கிடந்தது வானிலை அலுவலகத்தின் ஆண்டறிக்கைக்காக எடுத்த குழுப்படம். இருபத்துமூன்று பேர் மொட்டைமாடியில் மூன்று வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் துவைத்த சட்டை, வாரிய தலை, வராத சிரிப்பு. பின்னால் வானம் மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில், மேகமும் இல்லாமல் நீலமும் இல்லாமல் சும்மா கிடந்தது.

“நாம என்ன ஆபீஸு?” என்றார் இயக்குநர்.

“வானிலை ஆபீஸ் சார்.”

“நகைக்கடைக்காரன் கழுத்துல கயிறு கட்டிக்கிட்டு நிப்பானா? வானம் நம்ம சரக்கும்மா. மாசக் கடைசில நான் ரிட்டயர் ஆகறேன். என் கடைசி ஆண்டறிக்கை. இந்த வானத்தோட நான் வீட்டுக்குப் போகமாட்டேன். மாத்து.”

“வானத்தையா சார்?”

“என்னை மாத்தவா சொல்றேன்?”

டைப்பிங்கம்மா பதினொரு வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்ய வந்தவள். தட்டச்சு எந்திரம் போய்விட்டது, கம்ப்யூட்டர் வந்தது, அதோடு சேர்ந்து கேமரா, பிரிண்டர், குடிதண்ணீர் கேன், மேலதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று சகலமும் அவள் தலையில் விழுந்தன. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலையும் அப்படித்தான், இன்னமும் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் ஆணை இயக்குநரின் இரண்டாவது இழுப்பறையில் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஏழு மாதமாகக் காத்திருந்தது. அவர் போய்விட்டால் புது இயக்குநர் வருவார். அவருக்கு அந்த இழுப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியவே ஒரு வருடமாகும்.

எனவே அவள் “சரிங்க சார்” என்றாள். தன் வாழ்க்கையில் சொன்ன எல்லா “சரிங்க சார்”களிலும் விபரீதமானது இதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் போனை நீட்டினாள். அவன் வீட்டுத் தரகன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும் வீட்டுக்கும் பின்னால் ஒரு பொன்னிற வானத்தைப் போட்டு வாடகைக்கு விட்டுவிடுகிற கில்லாடி.

“ஒரு வானத்தை மாத்தணுமாம்” என்றாள்.

“எந்தப் பக்கம் பாத்த வீடு?”

“வீடு இல்லைங்க, எங்க ஆபீஸு.”

“அட, உங்க ஆபீஸுக்கே வானம் சரியில்லையா?” என்று ஒரு பாட்டம் சிரித்து முடித்துவிட்டு, அவளுடைய போனில் தன்னிடமிருந்த செயலியை ஏற்றிக் கொடுத்தான். “இதுல மூணு வானம் இலவசம். மத்ததுக்கெல்லாம் காசு கேப்பான். முதல் வானத்தைத் தட்டு.”

தட்டினாள். கண் சிமிட்டும் நேரத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் மறைந்து, பளீரென்று நீலம் வந்து நின்றது. நாலைந்து வெள்ளை மேகம், பஞ்சு மாதிரி. அழகாகத்தான் இருந்தது. ஆனால், முன்வரிசை நடுவில் இயக்குநரைக் காணோம். உற்றுப் பார்த்தபோது இருந்தார். புருவம் வரைக்கும் இருந்தார். அதற்கு மேலே வானம் தொடங்கிவிட்டது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சு மேகம் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

“ஐயையோ! என்னங்க இது?”

“ஒண்ணுமில்ல. பளபளன்னு வெட்டவெளியா இருந்தா அது வானம்னு நெனச்சுக்கும். மொட்டைத்தலைக்காரங்களுக்கு இந்த ஆபத்து உண்டு” என்றான் அவன், டாக்டர் தொனியில். “தலையைத் திருப்பிக் கொண்டுவந்துடலாம். ஆனா ஓரம் பிசிறடிக்கும். கொஞ்சம் முடி வரைஞ்சுட்டா மறைஞ்சிடும்.”

வேறு வழி? விரல் நுனியால் கறுப்பாக நாலு கோடு இழுத்தாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, “அம்மா, காதோரம் கொஞ்சம் விடு. இல்லாட்டி தொப்பி மாதிரி இருக்கு” என்றாள். காதோரமும் விட்டாள்.

மறுநாள் காலையில் இயக்குநர் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“வானம் நல்லா வந்திருக்கு” என்றார் கடைசியில். அவர் கண் வானத்தின் பக்கமே போகவில்லை.

“சார், அந்த முடி... ஒரு சின்ன தவறு. எடுத்துடறேன்—”

“எதுக்கு? இயற்கையா இருக்கு. அதுல கைவைக்காத.”

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பத்து மணிக்கு முன்னறிவிப்புப் பிரிவுத் தலைவி உள்ளே வந்தார். அலுவலகம் முழுக்க அவரை முன்னறிவிப்பு மேடம் என்பார்கள். ஆனால் அவர் வரப்போவதை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

“சார், படத்துக்குக் கீழ தேதி போட்டிருக்கா?”

“போட்டிருக்கே. எல்லாப் படத்துலயும் தேதி இருக்கணும்னு தலைமையகத்து உத்தரவு.”

“அந்தத் தேதில கனமழைன்னு நாங்க சொல்லியிருந்தோம். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாங்க. ஒரு பொட்டு விழலை. அதையே ஊரு இப்பத்தான் மறந்திருக்கு. நீங்க என்னடான்னா அதே தேதில இப்படி ஒரு நீலத்தைப் போட்டு, அதுக்கு முன்னாடி என்னைச் சிரிக்க வேற வெச்சிருக்கீங்க!”

இயக்குநர் யோசித்தார். நியாயம் இருந்தது. “டைப்பிங், மழை மேகம் இருக்கா?”

“இரண்டாவது வானம் அதுதான் சார்.”

இரண்டாவது வானம் வந்தது. கன்னங்கரேலென்று, எப்போது கொட்டுமோ என்று. வானம் மாறும்போதெல்லாம் இயக்குநரின் தலை காணாமல் போனதால், மறுபடி முடி வரைய வேண்டியிருந்தது. இம்முறை கை பழகியிருந்தது. கொஞ்சம் அடர்த்தியாகவே வந்தது.

முன்னறிவிப்பு மேடம் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். “இப்பதான் நாங்க சொன்னது மாதிரி இருக்கு.”

பூரிப்பு பன்னிரண்டு மணி வரைக்கும் நிலைத்தது. அதற்குள் பதிவேட்டுக்காரருக்குச் செய்தி போய்விட்டது. நடந்த வானிலையை நாள்தோறும் எழுதிவைப்பவர் அவர். இனி நடக்கப்போவதைச் சொல்பவர் மேடம். ஆகவே இருவருக்கும் எலிக்கும் பூனைக்குமான உறவு. பதிவேட்டுக்காரர் சாதுவான மனிதர். உரக்கப் பேசமாட்டார். அன்றைக்கு அந்தத் தடித்த பதிவேட்டை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சார், அன்னைக்கு மழை பூஜ்யம். மந்தமான வானம், மழையில்லைன்னு என் கையால எழுதியிருக்கேன். பதினேழு வருஷத்துல இதுல ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. இந்தப் படம் அச்சாச்சுன்னா நான் பொய்யன்.”

“அது அச்சாகலைன்னா நான் பொய்க்காரி” என்றார் பின்னாலேயே வந்த மேடம்.

“அது எப்படியும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்” என்றார் பதிவேட்டுக்காரர், அதே சாதுவான குரலில்.

மேடம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். இயக்குநர் மேசையைத் தட்டினார். “ரெண்டு பேருக்கும் ஒரு வானம் பத்தலைன்னா ஆளுக்குப் பாதியா எடுத்துக்கோங்க! டைப்பிங், பாதி மழை பாதி வெயிலா ஏதாவது இருக்கா?”

மூன்றாவது வானம்தான் மிச்சமிருந்தது. தட்டினாள். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். நடுவில் ஒரு மேகம். மேகமா அது? கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் ஏழெட்டு அடுக்கு, விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பு, நட்டநடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. எந்த ஊரில் எவன் எடுத்ததோ. மேடத்தின் பிரிவு இருட்டுப் பக்கம் நின்றது. பதிவேட்டுப் பிரிவு வெளிச்சத்தில் நின்றது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். இயக்குநருக்கோ வகிடு எடுக்குமளவுக்கு முடி வளர்ந்திருந்தது.

“இதுதான் படம்” என்றார் அவர்.

அச்சானது. தலைமையகத்துக்குப் போனது. டைப்பிங்கம்மா இழுப்பறையைப் பற்றி நினைவூட்டினாள். “நாளைக்கு” என்றார் இயக்குநர். அந்த நாளை வருவதற்குள் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

பேசி முடித்து ரிசீவரை வைத்த இயக்குநரின் முகம் முதலில் எடுத்த படத்தின் வானம் மாதிரி ஆகியிருந்தது.

“மேக நிபுணர் வராராம்.”

“யாரு சார்?”

“தலைமையகத்துப் பெரிய விஞ்ஞானி. நம்ம படத்தைப் பாத்துட்டுத் தூக்கமே வரலையாம். அந்த மாதிரி மேகம் இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் பதிவானதே கிடையாதாம். நேர்ல கண்ட சாட்சிகளைப் பாக்கணுமாம். நாளன்னிக்கு வரார்.”

“சார், உண்மையைச் சொல்லிடலாம் சார். ‘அழகுக்காக மாத்தினோம், மன்னிச்சுக்கோங்க’ன்னு—”

“எதை மாத்தினோம்னு சொல்றது? வானத்தையா? வானிலை ஆபீஸ்காரன் வானத்தை மாத்தினான்னா, பால்காரன் தண்ணி கலந்த மாதிரி. அதுமட்டுமில்ல...” அவர் கை தன்னையறியாமல் உச்சந்தலையைத் தடவியது. “ஒண்ணை மாத்தினோம்னு சொன்னா மத்ததையும் கேப்பாங்க.”

பிற்பகலில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: “அன்னைக்கு அந்த மேகத்தை நாம எல்லாரும் பாத்தோம். என்ன, பாத்தோமா?”

“பாத்தோம் சார்” என்றது கூட்டம். பத்து நிமிடத்தில் அவர்கள் அதை நிஜமாகவே பார்த்திருந்தார்கள். ஒருவர் அது உறுமிற்று என்றார். இன்னொருவர் அது தன் பக்கமாகத் திரும்பியது என்றார். முன்னறிவிப்பு மேடம், “நாங்க ஒரு வாரமாவே எதிர்பாத்துக்கிட்டுதான் இருந்தோம்” என்றார்.

பதிவேட்டுக்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை. நிபுணர் பதிவேட்டைக் கேட்பார். அதில் மேகம் இல்லாவிட்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் மதியம் டைப்பிங்கம்மா அவர் அறைக்குப் போனபோது, சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே, ‘மழையில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கிடைத்த துளியூண்டு இடத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் நுழைத்திருந்தார்: ‘அபூர்வ மேகம், ஒன்று.’

“பதினேழு வருஷம்மா” என்றார் அவர். “என் கல்யாணத்தன்னிக்குக் கூட வந்து மழையை அளந்துட்டுத்தான் மாலை போட்டுக்கிட்டேன்.”

“அண்ணே, எல்லாம் என்னாலதான்.”

“நீ என்னம்மா பண்ணுவ. மேல இருக்கறவங்க சொன்னா வானமே மாறுது. நான் எந்த மூலைக்கு?” என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடினார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அன்று இரவு வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாள். கணவன், “அட, நான் இருட்டு வீட்டுக்கெல்லாம் சூரியனையே வெச்சுக் கொடுக்கறேன். யாரு கேட்டா?” என்று தேற்றிப் பார்த்தான்.

“உங்க வீட்டுல குடிவந்தவன் மறுநாளே உங்களைத் திட்டித் தீத்துக்கறான். இங்க ஒரு நல்ல மனுஷன் தன்னையே திட்டிக்கறாரு” என்றாள் அவள்.

மேக நிபுணர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் அண்ணாந்தே நடந்து பழகியதால் படிக்கட்டில் இரண்டு முறை தடுக்கினார். இயக்குநரைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி இயக்குநரின் தலையைப் பார்த்தார்.

இயக்குநரின் கை உச்சந்தலைக்குப் போனது.

“அன்னைக்கு அடிச்ச காத்துல...” என்றார் இயக்குநர்.

“ஓ! காத்து அவ்வளவு பலமா?” என்று கண்கள் விரிய, நிபுணர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மொட்டைமாடியில் எல்லோரையும் படத்தில் நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்து, கோணம் பார்க்கும் கருவியால் ஒரு மணி நேரம் அளந்தார். பிறகு கேட்டார், “கடைசியா மேகம் எந்தப் பக்கம் போச்சு? எல்லாரும் ஒரே சமயத்துல கையைக் காட்டுங்க.”

இதை யாரும் பேசி வைத்திருக்கவில்லை. இருபத்துமூன்று கைகள் எழுந்தன. இருபத்துமூன்றும் இருபத்துமூன்று திசையில். பதிவேட்டுக்காரரின் கை தரையைக் காட்டியது.

முடிந்தது கதை என்று டைப்பிங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அற்புதம்!” என்ற அலறல் கேட்டது. “எல்லாத் திசையிலயும் கலைஞ்சிருக்கு! ஒரு பகுதி கீழயும் இறங்கியிருக்கு! இப்படித்தான் இருக்கணும்னு நான் நெனச்சேன்!” நிபுணர் இயக்குநரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “உங்க பேரை மேலிடத்துக்கு எழுதறேன். நீங்க எடுத்த படத்துக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கு.”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். எல்லோரும் தேநீருக்கு இறங்கியதும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாகவே இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். ஆணையை டைப்பிங்கம்மாவின் கையில் திணித்தார். “இந்தா. எல்லாம் உன் கைவண்ணம்தான்.”

பதினொரு வருடக் கனவு, ஒற்றைக் காகிதம். அதைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். எதிர் அறையில் பதிவேட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே நிபுணர், அந்தத் தேதிப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டே, “ஐயா, உங்க பதிவேடு மாதிரி ஒண்ணு இருந்தா போதும், உலகமே நம்பும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதிவேட்டுக்காரர் நாற்காலியோடு சேர்ந்து சின்னதாகிக்கொண்டே போனார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வேலை போனால் போகட்டும். கணவனோடு சேர்ந்து இருட்டு வீடுகளுக்குச் சூரியன் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே, இயக்குநரின் எதிரில் வாயைத் திறந்தால் அவர் பேச விடமாட்டார். நிபுணர் வண்டியில் ஏறும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். போனில் முதல் படத்தை, அந்தப் பாத்திரம் கழுவிய தண்ணீர் வானத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி வாசலுக்கு ஓடினாள்.

வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஐயா எப்ப வருவாரு?” மூச்சு வாங்கியது. “அவருகிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த மேகம் நிஜமில்ல. நான் போன்ல போட்டது. இலவசமாக் கிடைச்சுதுன்னு போட்டுட்டேன். இதோ பாருங்க, நிஜ வானம் இதுதான்.”

ஓட்டுநர் துடைப்பதை நிறுத்தவில்லை. போனை ஒரு கண்ணால் பார்த்தார்.

“தட்டுத் தட்டா, நடுவுல ஓட்டையோட இருக்குமே, அந்த மேகம்தானேம்மா?”

“ஆமாண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த மாசத்துல இது ஒன்பதாவது ஆபீஸும்மா, ஒன்பது ஆபீஸ் படத்துலயும் அதே மேகம்தான்” என்றார் அவர், துணியைப் பிழிந்தபடி. “ஐயா ஒவ்வொரு படத்தோட தேதியையும் பாத்து, அது ஊர் ஊரா போன பாதையை வரைஞ்சு, பத்தாவதா எந்த ஊருக்குப் போயிருக்கும்னும் கணக்குப் போட்டுச் சொன்னாரு, நேத்து அந்த ஊரு ஆபீஸ் படமும் வந்துச்சு, மேகம் அப்படியே இருக்கு. எங்க துறை சொன்னது பலிச்சது இதுதான் முதல் தடவை, கெடுத்துடாதீங்க.”